எட்டு பேர் முன்னாடி ஒரு குழந்தை

காப்பி அடிக்கிறது எங்க முடியுது, சொந்த யோசனை எங்க ஆரம்பிக்குது? இந்தக் கேள்விக்கு இன்னிக்கு ஹெலன் கெல்லரை எடுத்துக்கலாம். நமக்குப் பாடப்புத்தகத்துல தெரிஞ்ச ஹெலன் இல்ல. 11 வயசு ஹெலன்.

1891 நவம்பர். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத அந்தச் சிறுமி ‘தி ஃப்ராஸ்ட் கிங்’னு ஒரு கதை எழுதி, பாஸ்டன்ல இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியோட இயக்குநர் மைக்கேல் அனக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசா அனுப்புறா. இலையுதிர் காலத்துல இலைகளுக்கு எப்படி நிறம் வந்ததுங்கிற கதை. அவருக்குப் பெருமை தாங்கல. பெர்கின்ஸ் பத்திரிகை ஒண்ணுல போட்டுட்டார். கொஞ்ச நாள்லயே வாசகர்கள் பிடிச்சுட்டாங்க. மார்கரெட் கான்பி முன்னாடியே எழுதின ‘தி ஃப்ராஸ்ட் ஃபேரீஸ்’ கதைதான் இது. கரு மட்டும் இல்ல, பல வரிகளும் கிட்டத்தட்ட அதேதான்.

அப்படி ஒரு கதையைக் கேட்ட ஞாபகமே ஹெலனுக்கு இல்ல. விசாரிச்சுப் பார்த்தா, 1888 கோடையில அவ தங்கியிருந்த வீட்டுல அந்தப் புத்தகம் இருந்திருக்கு. யாரோ அவ உள்ளங்கையில எழுத்தெழுத்தா வாசிச்சுக் காட்டியிருக்கணும்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நமக்கு ஒரு கதை அட்டைப்படத்தோட, சொன்னவங்க குரலோட மனசுல தங்கும். அவளுக்குக் கதை, கடிதம், டீச்சர் பேச்சு, சாப்பிட வான்னு கூப்பிடுறது எல்லாமே ஒரே உள்ளங்கை வழியாத்தான் வந்தது. எது எங்கிருந்து வந்துச்சுன்னு அடையாளம் வச்சுக்கவே இடம் இல்ல.

எட்டு பேர் கொண்ட குழு விசாரிச்சது. டீச்சர் ஆன் சல்லிவனை வெளிய அனுப்பிட்டு, குழந்தையைத் தனியா வச்சுக் கேள்வி மேல கேள்வி. நாலுக்கு நாலுன்னு பிரிஞ்சு, அனக்னோஸோட ஓட்டுலதான் தப்பிச்சா.

என்னைக் கேட்டா, அந்தக் கதை காப்பிதான். மழுப்ப வேண்டாம். ஆனா அந்தக் குழந்தை திருடலை. இது ரெண்டும் வேற வேற கேள்வி. முதல் கேள்விக்கு ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே பதில் கிடைச்சுடும். ரெண்டாவதுக்குக் கிடைக்காது. நாம ரெண்டு ஸ்க்ரீன்ஷாட்டை ஒட்டிப் போட்டுட்டு, ரெண்டு கேள்விக்கும் சேர்த்தே தீர்ப்பு சொல்லிடுறோம்.

அந்தத் தீர்ப்பு பயத்தை விதைக்குது. அதுக்கப்புறம் அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதுகூட, இந்த வரி என்னோடதுதானான்னு ஹெலனுக்கு நடுக்கம். 1903ல வந்த சுயசரிதையில இதையெல்லாம் சொல்லியிருக்காங்க. படிச்சதே தன் மனசோட பாகமா ஆயிடுறதால, எது தன் எண்ணம்னு எப்பவும் பிரிக்க முடியலன்னும் ஒத்துக்கிறாங்க.

அதைப் படிச்ச மார்க் ட்வைன் கொதிச்சுப்போய் ஹெலனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கும் இது நடந்திருக்கு. 1869ல வந்த அவரோட புத்தகத்தின் சமர்ப்பண வரிகள், ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் கவிதைப் புத்தகத்துல இருந்து அவருக்கே தெரியாம வந்தது. ஹவாய்ல இருந்தப்போ அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சிருக்கார். விஷயம் தெரிஞ்சதும் ஹோம்ஸுக்கு மன்னிப்புக் கடிதம் போட்டார். அவரும் அன்பா பதில் எழுதிட்டார். புத்தகம் வந்தப்போ ட்வைனுக்கு 33 வயசு. எந்தக் குழுவும் அவரை விசாரிக்கல.