மூன்று நாள் லீவில் லெஸ்டருக்குப் போங்கள்



மே மாதத்தின் முதல் திங்கள், கடைசித் திங்கள், ஆகஸ்டின் கடைசித் திங்கள். இங்கிலாந்தில் இவை பேங்க் ஹாலிடே. சனி, ஞாயிறோடு சேர்ந்தால் மூன்று நாள் லீவு. அந்தச் சமயம் பார்த்து, அங்கே படிக்கும் பிள்ளைகளிடமிருந்து திருப்பூரில் பல வீடுகளுக்கு போன் வரும். "அம்மா, ஃபிரெண்ட்ஸோட ஒரு ஊருக்குப் போயிட்டு வர்றேன்." பக்கத்தில் இருக்கும் அப்பா கேட்பார்: "லோன் போட்டு அனுப்புனது ஊர் சுத்தறதுக்கா கண்ணு?"

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கல்லூரி நடக்கும் நாட்களில் பட்டப்படிப்பு மாணவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க விசா இடம் தருவதில்லை. ஒவ்வொரு பவுண்டையும் எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும். இருந்தாலும், "போயிட்டு வா சாமி" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இன்று பேசுகிறேன். எல்லோரும் போகும் லண்டனை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். பனியன் ஊர்ப் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது லெஸ்டரையும் நாட்டிங்ஹாமையும்.

இங்கிலாந்தில் படித்த காலத்தில் இப்படியொரு லீவில் நண்பர்களோடு நான் போன ஊர்கள் அவை. ஒருவர் மதுரைக்காரர். இன்னொருவர் வங்கதேசத்தின் நாராயண்கஞ்சைச் சேர்ந்த பெண். நாராயண்கஞ்ச் என்றால் நம் பையர்களுக்கு நன்றாகத் தெரியும். நமக்குக் கிடைக்காத ஆர்டர் பல நேரம் போய்ச் சேர்வது அங்கேதான்.

லெஸ்டர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு சிலை நிற்கிறது. தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று இந்த ஊரிலிருந்து 11 மைல் தள்ளியிருக்கும் லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, ரயிலில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர். மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம் அது. உலகம் முழுக்க இன்று நடக்கும் சுற்றுலாத் தொழிலின் ஆரம்பங்களில் ஒன்று, காலுறை பின்னும் ஒரு தொழிலாளர் ஊரில் நடந்தது. ஒருநாள் ஊர் பார்த்துவிட்டு வருவது பணக்காரர்களுக்கு மட்டும் உரியதில்லை என்று அன்றே காட்டியவர் அவர்.

லெஸ்டருக்கு நாம் கடன்பட்டிருப்பது அதற்காக மட்டுமில்லை. நம் நிட்டிங் மிஷின்களில் வட்டமாக நிற்கும் ஊசிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் தாழ்ப்பாள்போலத் திறந்து மூடும் சின்ன நாக்கு ஒன்று இருக்கும். 1840களின் கடைசியில் அந்த ஊசியைக் கொண்டுவந்த மேத்யூ டவுன்செண்ட், லெஸ்டர்க்காரர்.

அங்கிருந்து நாட்டிங்ஹாமுக்கு ரயிலில் அரை மணி நேரம். பக்கத்தில் ரடிங்டன் என்ற கிராமத்தில், 1829இல் கட்டிய பின்னல் பட்டறை ஒன்றை அருங்காட்சியகமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் பயணத்தில் நான் மறக்காத இடம் அதுதான். வெளிச்சத்துக்காக நீள நீளமான ஜன்னல்கள். இருட்டிய பிறகு மெழுகுவத்தி முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வைத்து, ஒளியைக் குவித்து வேலை செய்திருக்கிறார்கள். மிஷின் முதலாளியுடையது, அதற்கு வாடகை தொழிலாளியின் கூலியிலிருந்து. வேலை இல்லாத வாரத்திலும் வாடகை நிற்காது. பீஸ் ரேட்டில் வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த மிஷினின் மூலத்தை 1589இல் செய்தவர் வில்லியம் லீ, பக்கத்துக் கால்வர்ட்டன் கிராமத்துக்காரர். எலிசபெத் ராணி அவருக்குக் காப்புரிமை தரவில்லை. பிரான்ஸுக்குப் போனார், அங்கும் வாழ்வு அமையாமல் இறந்தார். இதே வட்டாரத்தில்தான் 1811இல் தொழிலாளர்கள் பட்டறைகளில் புகுந்து மிஷின்களை உடைத்தார்கள். லட்டைட்டுகள் என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். மிஷின் என்றாலே அவர்களுக்கு வெறுப்பு என்று சொல்வது தவறு. தலைமுறை தலைமுறையாக மிஷினில் பின்னிப் பிழைத்தவர்கள் அவர்கள். முதலாளிகள் அகலமாகத் துணி பின்னி, வெட்டி, தைத்து, மலிவாகக் காலுறை விற்று, கூலியையும் குறைத்தார்களே, அதைத்தான் எதிர்த்தார்கள். 1812இல் மிஷினை உடைத்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. அதை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் பேசினார் கவிஞர் பைரன். அதுதான் அங்கே அவருடைய முதல் பேச்சு.

அகலமாகப் பின்னி, வெட்டி, தைப்பது. கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக் என்று நம் கம்பெனிகள் நடப்பதே அந்த வழியில்தான். அந்தப் பழைய மிஷின் முன்னால் நாராயண்கஞ்ச் தோழியும் நானும் வெகுநேரம் நின்றோம். "நம்ம ரெண்டு ஊரும் இவங்க இடத்துல இருக்கு" என்றார். எனக்கு அடுத்து வந்தது பயம்: இந்த ஊர்களிலிருந்து தொழில் போய்விட்டதே!

போனது உண்மை. 1990களின் கடைசியில் பிரிட்டனின் பெரிய கடைகள் கொள்முதலை வெளிநாடுகளுக்கு மாற்றின. லெஸ்டரில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த கோரா கம்பெனி இன்று இல்லை. அப்படி நகர்ந்த ஆர்டர்களில் ஒரு பங்குதான் நொய்யல் கரையில் இருக்கும் நம் திருப்பூருக்கும் வந்தது. நம் ஆட்கள் அங்கே உழைத்த கதையும் உண்டு. 1972இல் லஃப்பரோவின் மேன்ஸ்ஃபீல்ட் ஹோசியரி ஆலையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நல்ல சம்பளம் கிடைக்கும் நிட்டர் வேலை வெள்ளையருக்கே என்றிருந்ததை எதிர்த்த போராட்டம் அது.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தச் சந்தையை இன்னும் பெரிதாக நம்பப்போகிறோம். கம்பெனியை நாளை நடத்தப்போகும் பிள்ளைகள், அங்கே தொழில் எப்படி வளர்ந்தது, எப்படிப் போனது என்பதை நேரில் தெரிந்துகொள்ள வேண்டாமா?

செலவுக்கும் வழி இருக்கிறது. 16 முதல் 25 வயதுக்கான ரயில் கார்டு வாங்கினால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அருங்காட்சியகம் திறக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இங்கே இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா காலத்துக் கைமிஷின் ஏதாவது ஷெட்டு மூலையில் கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்கு எடை போட்டுவிடாதீர்கள். துடைத்து, எண்ணெய் விட்டு, கம்பெனி வாசலிலேயே வையுங்கள்.