நம்பிக்கைக்கு நிபந்தனை உண்டு



எதிர்காலத்தின் மீது ஓர் ஊர் வைத்திருக்கும் நம்பிக்கையைச் சமூக ஊடகங்களைக் கொண்டு அளக்க முடியுமா என்பது இந்தக் கருத்தரங்கில் நம் கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தத் தெருவில் நின்றாலும் காதில் விழக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'பையனுக்கு வேலை ஆயிருச்சுன்னா ஆண்டாளுக்குப் பட்டுச் சாத்தணும்.' நல்ல சொற்களைப் பட்டியல் போட்டு எண்ணுகிற கருவியிடம் இதைக் கொடுங்கள். இதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிடும். மகிழ்ச்சி இல்லை, வெற்றி இல்லை, 'சூப்பர்' இல்லை. ராஜபாளையம் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். 'நூல் விலை இறங்குச்சுன்னா ரெண்டு தறி சேத்துப் போடலாம்' என்று பேண்டேஜ் துணி நெய்கிற ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார் என்று வையுங்கள். 'இறங்குச்சு' என்றாலே கருவிக்கு வீழ்ச்சிதான். கடன் வாங்கித் தறி போடத் துணிந்த மனிதரைச் சோர்ந்தவர் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஒரு சினிமா டிரெய்லருக்குக் கீழே ஆயிரம் பேர் 'தலைவா, வெற்றி நிச்சயம்' என்று போட்டால் மட்டும் வரைபடம் விறுவிறுவென்று ஏறிவிடும்.

நம்மவர்கள் ஆசையை வெளிப்படையாகச் சொல்லக் கூசுகிறவர்கள். கண் பட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம், நடக்காமல் போனால் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற தயக்கம் மறு பக்கம். அதனால் அவர்களுடைய நம்பிக்கை நேர்த்திக்கடனாக வரும், 'ஆச்சுன்னா', 'கிடைச்சுதுன்னா' என்ற நிபந்தனையாக வரும், 'பாப்போம்' என்ற இழுவையாகவும் வரும். அதைப் பிடிக்கத் தெரியாத கருவி ஊரின் ஆரவாரத்தைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

தமிழில் இந்த வேலை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பாரதி ராஜா சக்கரவர்த்தி 2020-இல் வெளியிட்ட ஹோப்ஈடிஐ தரவுத்தொகுப்பில் யூடியூபில் மக்கள் எழுதிய கருத்துகள் தமிழில் 20,198, மலையாளத்தில் 10,705, ஆங்கிலத்தில் 28,451 இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மனிதர்கள் படித்து, நம்பிக்கைப் பேச்சா இல்லையா என்று குறித்திருக்கிறார்கள். பெரிய உழைப்பு. ஆனால் அங்கே நம்பிக்கைப் பேச்சு என்பது பெரும்பாலும் அடுத்தவருக்குச் சொல்லும் ஆறுதல், ஊக்கம், ஆதரவு. நாளை என் வீடு எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு வேறு சரக்கு. இரண்டையும் ஒரே தராசில் போடுகிற கட்டுரைகள் இங்கேயும் வந்திருக்கின்றன. எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சொல்லை எண்ணும் முறைக்கே திரும்புவோம். ஃபேஸ்புக் நிறுவனம் 2009-இல் நாட்டு மகிழ்ச்சிக்கென்று ஒரு குறியீடு வெளியிட்டது. மக்கள் போடும் பதிவுகளில் நல்ல சொல்லையும் கெட்ட சொல்லையும் எண்ணுவதுதான் முறை. பண்டிகை வந்தால் ஊசி எகிறும். வாழ்க்கை நிறைவு பற்றி மக்களிடம் கேட்டு வாங்கிய பதில்களோடு அதை ஒப்பிட்டு 2014-இல் ஓர் ஆய்வு வந்தது, இரண்டும் பொருந்தவில்லை. ஆடிப்பூரத் தேரன்று நம் ஊர் ஸ்டேட்டஸ்களை எண்ணினாலும் கதை இதுதான்.

எனக்குப் பிடித்தது டோபியாஸ் பிரைஸ், ஹெலன் சுசன்னா மோட் குழுவினர் 2012-இல் வெளியிட்ட முறை. 2010-ஆம் ஆண்டில் கூகுளில் '2011' என்று தேடியவை எத்தனை, '2009' என்று தேடியவை எத்தனை? 45 நாடுகளுக்கு இந்த விகிதத்தைப் போட்டார்கள். முன்னே பார்த்துத் தேடிய நாடுகள் பெரும்பாலும் வசதியான நாடுகள். வசதியால் அந்தப் பார்வை வந்ததா, பார்வையால் வசதி வந்ததா என்பதை விகிதம் சொல்லாது. இருந்தாலும் அவர்கள் சிரிப்பை எண்ணவில்லை, தேதியை எண்ணினார்கள். குரூப் 4 தேர்வு அறிவிப்பு எப்போது, தையில் மண்டபம் காலியா, பாலிடெக்னிக்கில் சேர்க்கை எந்தத் தேதி வரை என்று தேடுகிறவர், தான் ஒரு நம்பிக்கைவாதி என்று எங்கும் எழுதமாட்டார். ஆனால் நாள் குறித்துவிட்டார்.

இணையத்தில் எதை எண்ணினாலும் நேரில் கேட்ட கணக்கோடு உரசிப் பார்க்காமல் விடக்கூடாது. ஹாட்லி கேன்ட்ரில் 1965-இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில் இந்தியாவும் உண்டு. ஓர் ஏணியைக் காட்டி, இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள், ஐந்தாண்டு கழித்து எந்தப் படியில் நிற்பீர்கள் என்று கேட்டார். ரிசர்வ் வங்கியும் நுகர்வோரிடம், ஓராண்டுக்கு முன்பைவிட இன்றைய நிலை எப்படி, இன்றைவிட ஓராண்டு கழித்து எப்படி இருக்கும் என்று தனித்தனியே கேட்கிறது. 100 என்பது நடுக்கோடு. கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதம் இன்றைய நிலைக் குறியீடு 48.5 வரை விழுந்தது. வருங்காலக் குறியீடு 96.4. நடுக்கோட்டுக்குக் கீழேதான், ஆனாலும் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 48 புள்ளி. கடந்த ஓராண்டைப் பற்றிச் சொன்ன பதில் சோர்ந்த அளவுக்கு, அடுத்த ஆண்டைப் பற்றிச் சொன்ன பதில் சோர்ந்துபோகவில்லை. நாம் தேடுவது அந்த இடைவெளியைத்தான். அன்று கேட்கப்பட்ட 13 நகரங்களில் சென்னை உண்டு, நம் இரண்டு ஊரும் இல்லை.

யாரைக் கேட்காமல் விட்டோம் என்பதும் முக்கியம். திருப்பாவையின் 30 பாசுரங்களில் ஆறு முதல் பதினைந்து வரை, உறங்குகிற பெண்களை எழுப்புவதற்கே போய்விடுகின்றன. எல்லோரையும் சேர்த்துக்கொண்டுதான் நோன்பு. தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21-இல் எடுத்த கணக்குப்படி இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் நாட்டில் 33.3 சதவீதம், தமிழ்நாட்டில் கூடுதல் என்றாலும் பாதியைத் தொடவில்லை. மில்லுக்குப் போகிற பெண்கள் நிறைந்த ஊரில், போன் வீட்டுக்காரர் கையில் இருக்க, எந்த ஊரின் நம்பிக்கையை அளந்ததாகச் சொல்வோம்?

இன்னொன்று. நம் ஊர்ப் பேச்சு பெரும்பகுதி நடப்பது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில். மருமகன் போல உள்ளே நுழைந்து தரவு எடுக்கும் ஆய்வாளர்களை நான் அறிவேன். கேட்டு, சம்மதம் வாங்கி, கொடுத்ததை மட்டும் எடுங்கள். கொஞ்சம்தான் கிடைக்கும், பரவாயில்லை.

இங்கே கட்டுரை படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துல்லியம் எத்தனை சதவீதம் என்ற பலகையைக் காட்டுவதற்கு முன், உங்கள் கருவி தவறாகக் குறித்த வாக்கியங்களில் பத்தையாவது வாய்விட்டுப் படியுங்கள். தறிக்காரர்களும் பால்கோவாக் கடைக்காரர்களும் அவையில் இருக்கிறார்கள். எது ஆசை, எது சலிப்பு என்று அவர்கள் சொல்லட்டும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அமர்வைத் தொடங்குமாறு ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.