நான் படித்த நாவல்களும் நம் அக்கா சொன்ன கருத்தும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கடன், தவணை, சேமிப்பு பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் கதைப் புத்தகம் பற்றிப் பேசுகிறேன். சிரிக்காதீங்க. எனக்கு நாவல் படிக்கிற பைத்தியம் உண்டு. கல்யாணமான புதுசில் அரிசிப் பானைக்குப் பின்னால் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படித்தவள் நான். "வேலை இல்லாதவதான் கதை படிப்பா" என்று மாமியார் சொல்வார். இப்போது நூலகத்தில் எடுத்துவந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியத்தான் படிக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்துக்கே போய், அங்கே வேலை செய்கிறவர்களைப் பார்த்துப் பேசி எழுதினார். அதில் பொன்னாச்சி என்று ஒரு பெண். வெயில், உப்பு, கூலி, மேலே கை வைக்கப் பார்க்கிற ஆட்கள் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் பிழைக்க வேண்டும். கடையில் உப்பு பாக்கெட்டை எடுக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வந்துவிடும். ஒரு குறையும் சொல்லணும். சில இடங்களில் கதை நின்று, பேச்சு நீண்டுவிடுகிறது. பிடித்த புத்தகம் என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது, இல்லையா?

இன்னொன்று ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964-இல் வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்துக் கதை. லிஸி பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். பனையேறியின் மகன் தங்கராஜ் மேல் அவளுக்கு அன்பு. பேர் பெற்ற குடும்பம் ஒத்துக்கொள்ளுமா?

போன வருஷம் எங்கள் குழுக் கூட்டம் முடிந்ததும், வாரம் பத்து நிமிஷம் இந்த நாவலை உரக்கப் படித்தேன். முடித்த அன்று, "எனக்கு லிஸியைப் பிடிக்கலை. ரொம்பப் பொறுத்துப் போறா. வீட்டை விட்டுப் போயிருக்கணும்" என்றேன். சின்ன வயசுப் பிள்ளைகளும் ஆமாம் என்றார்கள்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். படிக்கத் தெரியாது, தீர்மான நோட்டில் கைநாட்டுதான். அவர் சொன்னார்: "போறது ஒரு நாள் தைரியம். மனசு மாத்திக்காம, அதே வீட்டுல, அதே மூஞ்சிங்கள தினம் பாத்துக்கிட்டு நிக்கிறாளே, அது எத்தன நாள் தைரியம்? நீ நின்னு பாத்திருக்கியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த அக்கா யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அவர் சொன்னது சரி. ஒவ்வொரு வரியையும் என் வாயால் படித்தும் எனக்குப் படாதது, காதால் கேட்ட அவருக்குப் பட்டிருக்கிறது.

அன்றைக்குப் புரிந்தது. எழுத்து தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் கருத்து இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கூட்டத்தில்கூட, அந்த அக்கா கையை நீட்டினால் விரலில் மை தடவுவோமே தவிர, "நீங்க என்ன நினைக்கிறீங்க" என்று கேட்டதில்லை. இப்போது கடன் விஷயத்திலும் அவரிடம் கேட்கிறோம். யாருக்கு என்ன கஷ்டம், யார் சொல்வது சாக்கு என்று அவர் சரியாகச் சொல்கிறார்.

அதனால் கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை. எல்லாக் குழுவிலும், கணக்கு முடிந்த பிறகு பத்து நிமிஷம் யாராவது ஒருவர் நாவல் படிக்கட்டும். இதற்குச் செலவே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: படித்து முடித்ததும் முதல் கருத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் சொல்லணும். படித்தவர்கள் கடைசியில் பேசலாம்.

அடுத்து சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' எடுத்து வைத்திருக்கிறேன். புருஷன் கடல் கடந்து போன பிறகு மூன்று பெண் பிள்ளைகளோடு நிற்கிற சுந்தராம்பாள் கதை. அவளைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். அக்கா கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.