'பிக்கிஷ்' என்றொரு சொல்



எங்கள் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். 'பிக்கிஷ்' என்பதே அச்சொல். 'பிக்' என்றால் பன்றி. அதனோடு 'இஷ்' என்ற விகுதி சேர, 'பன்றித்தனமான' என்ற பெயரடை பிறக்கிறது. அளவுக்கு மேல் உண்பதையும் மற்றவர் பங்கைத் தானே எடுப்பதையும் அது குறிக்கும். சிலவேளை அசுத்தத்தையும் குறிக்கும். 'ஹொகிஷ்', 'சுவைனிஷ்' என்பனவும் பன்றியின் வழி வந்த சொற்களே.

பேச்சில் பிள்ளைகள் 'கிரீடி பிக்' என்றுதான் அதிகம் சொல்வார்கள். கடைசி வடையை எடுத்த தம்பியை அக்கா அப்படிச் சொன்னால், ஆங்கிலத்தில் அது வெறும் கேலி. அம்மம்மாவின் காதில் 'பன்றி' என்று விழும்போது அது வாய்கூசும் வசை. இதற்கு எங்கள் ஊரில் "காணாததைக் கண்டமாதிரிச் சாப்பிடாதை" என்போம். அங்கே கண்டிப்பு உண்டு, விலங்கு இல்லை.

ஆங்கிலத்திலும் இச்சொற்கள் எப்போதும் கேலியாக இருந்ததில்லை. 1790 இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து நூல் எழுதிய எட்மண்ட் பர்க், அதில் சாதாரண மக்கள் கூட்டத்துக்கு 'சுவைனிஷ்' என்ற அடைமொழியைச் சூட்டினார். அந்த அவமதிப்பைப் பலர் மறக்கவில்லை. தோமஸ் ஸ்பென்ஸ் என்பவர் 1793 இல் லண்டனில் ஒரு பென்னி விலையில் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கி, 'பன்றித் தீனி' என்று பொருள்படும் பெயரையே அதற்கு வைத்தார். நிலம் எல்லோருக்கும் பொது என்பது அவர் கொள்கை. 1794 இல் அவர் விசாரணையின்றி மாதக்கணக்கில் சிறையில் வைக்கப்பட்டார்.

நேயர்களே, வயிறு நிறைந்தவர் பசித்தவரைப் பேராசைக்காரர் என்பது பழைய வழக்கம். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற எங்களையும், எல்லாவற்றையும் அள்ள வந்தவர்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் சூடு எங்களுக்குத் தெரியும்.

ஆகவே பிள்ளைகளைச் சும்மா அதட்டாமல், சொல்லின் வேறுபாட்டை விளக்குங்கள். 'யூ ஆர் எ பிக்' என்பது ஆளையே பன்றியாக்குகிறது. 'தட் வோஸ் பிக்கிஷ்' என்பது செய்த செயலைச் சொல்கிறது. செயலைத் திருத்தலாம். ஆளுக்கு ஒட்டிய பெயர் இலகுவில் கழராது.