மாணவர்கள் கேட்ட விசாரணை

2013 மார்ச் 8 அன்று சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினார்கள். இலங்கையின் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து நான்கு ஆண்டுகள் நிறையப் போகும் நேரம் அது. இலங்கை அரசு தன்னைத் தானே விசாரித்துக்கொள்வது விசாரணையாகாது, சுதந்திரமான சர்வதேச விசாரணை வேண்டும், ஈழத்தமிழரிடையே பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்பவை அவர்களின் முதன்மைக் கோரிக்கைகள். சில நாட்களில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தி மருத்துவமனையில் சேர்த்தது. அதற்குப் பிறகுதான் தமிழகம் முழுவதும் கல்லூரிகள் கிளர்ந்தெழுந்தன. தமிழக அரசு கலை, அறிவியல் கல்லூரிகளையும், அடுத்துப் பொறியியல் கல்லூரிகளையும் மூடியது. 2009 சனவரியில் ஈழத்தமிழருக்காக முத்துக்குமார் என்ற இளைஞர் தீக்குளித்த பின்னும் இப்படித்தான் கல்லூரிகள் மூடப்பட்டன. இம்முறை மாணவர்கள் கலையவில்லை. கட்சிக் கொடிகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள்.

அவர்களை உலுக்கியவை அந்தப் பிப்ரவரியில் வெளியான படங்கள். ஒன்றில், விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரன் மணல்மூட்டை அரணுக்குள் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கிறான். இன்னொன்றில் அதே சிறுவன் மார்பில் குண்டுத் துளைகளோடு கிடக்கிறான். இரண்டும் ஒரே கேமராவில் சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று ஆய்வு காட்டியது. கடைசி மாதங்களில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-லேயே எழுதியிருந்தது. அந்த எண்ணிக்கை அசைக்காத நெஞ்சங்களையும் அந்தச் சிறுவனின் முகம் அசைத்தது.

மார்ச் 19-இல் தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியது. மார்ச் 21-இல் ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் அமெரிக்கத் தீர்மானம் 25-க்கு 13 என்ற வாக்கில் நிறைவேறியது, இந்தியா ஆதரித்தது. ஆனால் அந்தத் தீர்மானம் விசாரணைப் பொறுப்பைக் கொழும்பிடமே விட்டிருந்தது. மாணவர்கள் அதை ஏற்க மறுத்ததற்குக் காரணம் அதுவே, அவர்களுடைய கணிப்பு சரியாகவும் இருந்தது. பொதுவாக்கெடுப்புக் கோரிக்கையை மார்ச் 27-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானமாக்கியது. அதற்கு மேல் அது நகரவில்லை. சர்வதேச விசாரணைக் கோரிக்கை மட்டும் நகர்ந்தது. 2014-இல் ஐ.நா. மனித உரிமை ஆணையரே விசாரிக்கப் பேரவை பணித்தது. அந்த வாக்கெடுப்பில் இந்தியா விலகி நின்றது. வெளிநாட்டு நீதிபதிகளும் இடம்பெறும் சிறப்பு நீதிமன்றம் வேண்டும் என்று 2015 அறிக்கை பரிந்துரைத்தது. அது இன்றுவரை அமையவில்லை. சாட்சியங்களைத் திரட்டிக் காக்கும் பணி மட்டும் 2021 தீர்மானத்தின்படி ஜெனீவாவில் நடந்துவருகிறது.

போர்க்குற்றத்தை இன்னொரு முனையிலிருந்து, அதாவது போருக்குப் பணம் வரும் வழியிலிருந்து, பிடிக்க முயன்றவர்கள் அமெரிக்க மாணவர்கள். கிழக்குக் காங்கோவில் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் தருபவை வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றின் தாதுக்கள். செல்பேசிக்கும் கணினிக்கும் இவை இல்லாமல் ஆகாது. தங்கள் பல்கலைக்கழகம் எந்தெந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கிறது, கணினியை யாரிடம் வாங்குகிறது என்று மாணவர்கள் துருவிக் கேட்டார்கள். 2010-இல் ஸ்டான்ஃபோர்டு, பங்குதாரர் என்ற முறையில் இந்தத் தாதுக்கள் பற்றி எப்படி வாக்களிப்பது என்று விதி வகுத்தது. அதே ஆண்டு அமெரிக்கச் சட்டம், நிறுவனங்கள் தாதுவின் பிறப்பிடத்தை வெளியிட வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2021-இல் நடைமுறைக்கு வந்தது.

தாதுவின் பிறப்பிடம் கண்டறிவதில் உள்ள சிக்கல் போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகருக்குச் சொல்லாமலே புரியும். வண்டன்மேடு, உடும்பன்சோலைப் பக்கத்திலிருந்து வரும் காய், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்தில் லாட் எண்ணோடு நிற்கும்போது அது யாருடைய காய் என்று தெரியும். கிட்டங்கிக்குப் போய், சலித்து, பருமன் வாரியாகப் பிரித்து, வேறு லாட்டுகளோடு சேர்த்துவிட்டால் எந்தத் தோட்டத்துக் காய் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. குவாத்தமாலா காயைக் கலந்து விற்கிறார்கள் என்று மலைத்தோட்ட விவசாயிகள் முறையிடுவதும் இந்த இடத்தில்தான்.

தாதுவுக்கு அப்படிக் கலக்கும் இடம் உருக்காலை. பல சுரங்கத் தாதுக்கள் அங்கே ஒன்றாக உருகிவிடுவதால், உருக்காலையைத் தணிக்கை செய்வதே இந்தச் சட்டங்களின் மையமாயிற்று. ஆனால் கலப்பு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 2024 ஏப்ரலில் எம்23 கிளர்ச்சிப் படை கைப்பற்றிய கிழக்குக் காங்கோவின் ருபாயா சுரங்கத் தாது, ருவாண்டாவின் தாதுவோடு கலந்து ஏற்றுமதியாவதை ஐ.நா. வல்லுநர்கள் அந்த ஆண்டே பதிவு செய்தார்கள். ஆகவே உருக்காலைப் பட்டியலோடு நிறைவடையாமல், அதற்கு முந்தைய வழியையும் காட்டும்படி கொள்முதல் ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டியிருக்கிறது. அயலகப் பல்கலைக்கழகங்களில் பயிலும் தமிழ் மாணவர்கள் தங்கள் நிர்வாகத்திடம் இதை எழுப்ப முடியும்.