ஓரிக்கு ஆண்டு உண்டா?

ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு விழா நடக்கும். செம்மேட்டில் அவன் சிலையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துப்போய், கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் தைத்ததாம். புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். உடும்பு வரைக்கும் கணக்குச் சொன்ன புலவர் ஆண்டைச் சொல்லவில்லை. சங்கப் பாட்டில் தொடர் ஆண்டுக் கணக்கே கிடையாது.

பாலஸ்தீனத்தின் செசரியா நகர ஆயர் யூசிபியஸ், 1700 ஆண்டுகளுக்கு முன் இதே சிக்கலோடு மல்லுக்கட்டினார். யூதர், கிரேக்கர், எகிப்தியர் என்று ஆளுக்கொரு கணக்கு. அவருக்கு முன்பே ஜூலியஸ் ஆப்ரிக்கானுஸ், உலகம் படைத்து 5500 ஆண்டில் கிறிஸ்து பிறந்தார் என்று துணிந்து எண்ணிவிட்டார். யூசிபியஸ் அவ்வளவு தூரம் போகவில்லை, ஆபிரகாமிலிருந்து தொடங்கினார். லூக்கா நற்செய்தி சொல்லும் ரோமப் பேரரசர் திபேரியுவின் 15-ஆம் ஆட்சியாண்டை, கிரேக்கர் நான்காண்டுக்கு ஒன்றாக எண்ணிய ஒலிம்பியாடுகளில் 201-ஆம் ஒலிம்பியாடின் 4-ஆம் ஆண்டோடு பொருத்தினார். இப்படிப் பொருந்திய இடங்களை முளையாக அடித்துக்கொண்டு, அரசுகளைப் பக்கம் பக்கமாகப் பத்திகளில் நிறுத்தினார். அரசுகள் விழ விழப் பத்திகளும் குறையும். எருசலேம் அழிந்தபின் ரோம் ஒன்றுதான் மிஞ்சும். அபாரமான உழைப்பு, ஆனால் அந்த ஒற்றைப் பத்தியில் அவருடைய அரசியலும் இருக்கிறது என்பேன். பின்னாளில் ஜெரோம் அந்தக் காலவரிசை நூலை லத்தீனில் பெயர்த்து 378 வரை நீட்டினார்.

ஓரிக்கும் நம் அறிஞர்கள் செய்தது இதுதான். ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. ஆக, மூவரும் ஒரே காலம். சரி, எந்தக் காலம்? அதற்குச் சேரரின் காலம் தெரிய வேண்டும். சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்தான் என்கிறது சிலப்பதிகாரம். மகாவம்சக் கணக்கில் முதலாம் கயவாகு கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. 1904-இல் நூல் எழுதிய கனகசபைப் பிள்ளை முதல் பலரும் பிடித்துக்கொண்ட முளை இது. சிலம்பு பிற்காலக் காப்பியம், அதை நம்பி ஆண்டு போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு, கேள்வி நியாயமானது. எனக்கு அதைவிட உறுதியாகப் படுவது காவிரிக்கு அக்கரையில் உள்ள புகளூர்த் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு. சேர இரும்பொறை மரபில் மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. அதிலும் ஆண்டு இல்லை. எழுத்தின் வடிவை வைத்து 2-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, விழாப் பந்தலில் ஓரிக்குத் துல்லியமாக ஒரு கி.பி. ஆண்டு போட்டுப் பதாகை கட்டியிருந்தால், எந்த மன்னனோடு பொருத்தி எண்ணியது என்று கட்டியவரிடம் கேளுங்கள்.