சீவலப்பேரியில் சந்திக்கும் இரண்டு படங்கள்

(நெல்லையில் நடந்த பழைய படங்கள் திரையிடலில் பேசியது. வர முடியாத தோழர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



எழுபதுகள், எண்பதுகள் படம்னு சொன்னா நம்ம ஆட்களுக்கு முதல்ல தியேட்டர் பேருதான் ஞாபகம் வரும். ரத்னா, பார்வதி, பூர்ணகலா. அப்புறம் தரை டிக்கெட், இடைவேளை முறுக்கு. அதுக்கப்புறம்தான் '16 வயதினிலே', 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்'னு வரிசையா படம் வரும். எல்லாம் நல்ல படங்கள்தான், மறுபேச்சே இல்ல. ஆனா இந்த வரிசையில நம்ம ஊர்க்காரங்களே விட்டுப்போடுற ரெண்டு படம் இருக்கு. ஒண்ணு 1981-ல வந்த 'தண்ணீர் தண்ணீர்'. இன்னொண்ணு 1982-ல வந்த 'ஏழாவது மனிதன்'. அடுத்தடுத்த ரெண்டு வருஷத்துலயும் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இந்த ரெண்டுக்கும்தான் கிடைச்சது. ரெண்டுமே நம்ம திருநெல்வேலி மாவட்டத்துக் கதை.

இளைய தோழர்களுக்கு ஒரு விளக்கம். அப்போ தூத்துக்குடி தனி மாவட்டம் கிடையாது. 1986-லதான் பிரிஞ்சது. கோவில்பட்டி, எட்டயபுரம் எல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான். ஒரே மாவட்டத்துல ஒரு பக்கம் பொதிகையில இருந்து இறங்கி வர்ற ஆறு. மறுபக்கம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருக்கிற கரிசல்.

அந்தக் கரிசல் பக்கத்துக் கதைதான் 'தண்ணீர் தண்ணீர்'. அத்திப்பட்டின்னா உங்களுக்கு 2001-ல வந்த அஜித்தோட 'சிட்டிசன்' ஞாபகம் வரும். அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே தமிழ் சினிமாவுல ஒரு அத்திப்பட்டி இருந்தது. கோமல் சுவாமிநாதன் எழுதி மேடையேத்தின நாடகம். கே. பாலசந்தர் அதைப் படமாக்கினார். குடிக்கத் தண்ணி இல்லாத ஊருக்குத் தலைமறைவா ஒருத்தன் வர்றான். வெள்ளைச்சாமி. தூரத்துல இருக்கிற ஊத்துல இருந்து மாட்டு வண்டியில தண்ணி கொண்டாந்து ஊருக்கே ஊத்துறான். சட்டத்தோட கண்ணுக்கு அவன் குற்றவாளி. ஊரோட கண்ணுக்கு அவன் குலசாமி. அந்த ஊர்ப் பொண்ணு செவந்தியா சரிதா வாழ்ந்திருப்பாங்க. அவ புருஷனோ போலீஸ்காரன்.

ஒரு கட்டத்துல ஊர் ஜனங்களே மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு வாய்க்கால் வெட்டக் கிளம்புறாங்க. அப்பத்தான் அரசாங்கம் வருது, தடுக்கிறதுக்கு! தானும் வெட்டித் தராது, வெட்டுறவனையும் விடாது. இந்த நாப்பது சொச்சம் வருஷத்துல இது எத்தனை ஊர்ல நடந்திருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

அதே படத்துல ஓட்டுக் கேட்டு வர்ற கட்சிக்காரங்களும் இருக்காங்க. தியேட்டர்ல அந்தக் காட்சிக்குச் சிரிப்பு அள்ளும். நாமளும் சிரிச்சிருக்கோம். ஆனா தோழர்களே, நாமளும் ஒரு கட்சி. நமக்கும் கொடி இருக்கு, மைக் இருக்கு, வாக்குறுதி இருக்கு. அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, "இவங்கள்ல நாம யாரு?"ன்னு மனசுக்குள்ள ஒரு தடவை கேட்டுக்கணும். கேட்காம எழுந்து போனா, படத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரிதான்.

இப்ப ரெண்டாவது படத்துக்கு வர்றேன். 'ஏழாவது மனிதன்' ஹரிஹரன் இயக்கினது. பேருக்கு முன்னாலயே ஊரை வச்சிருந்த பாளை சண்முகம் தயாரிச்சது. ரகுவரன் கதாநாயகனா அறிமுகமான படம். வில்லன் ரகுவரனை மட்டுமே தெரிஞ்சவங்க இதுல அவரைப் பார்த்தா ஆச்சரியப்படுவீங்க. வேலைக்கு வந்த இடத்துல, ஆலை ஊரைக் கெடுக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டு ஜனங்க பக்கம் போய் நிக்கிற இளைஞன். பாரதி நூற்றாண்டு வருஷத்துல வந்த படம். பாட்டெல்லாம் பாரதியாரோடது, இசை எல். வைத்தியநாதன். எட்டயபுரத்துல பிறந்து நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில படிச்ச கவிஞனோட சொல்லை, அவன் மண்ணுக்கே ஒரு போராட்டக் குரலா திருப்பிக் கொடுத்த படம். சுற்றுச்சூழல்ங்கிற வார்த்தை நம்ம மேடைகளுக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பிரச்சனையைப் பேசிடுச்சு.

ஒரு படத்துல தண்ணி இல்ல. இன்னொரு படத்துல ஊரே நஞ்சாகுது. ரெண்டும் வேற வேற கதை மாதிரி தெரியும். ஆனா இன்னைக்கு ரெண்டு கதையும் ஒரே இடத்துல சந்திக்குது. அந்த இடம் சீவலப்பேரி.

எப்படின்னு சொல்றேன். அந்தக் கரிசல் சீமைக்கு நடுவுல இருக்கிற கோவில்பட்டிக்கு இன்னைக்குக் குடிதண்ணி சீவலப்பேரியில இருந்துதான் குழாய்ல போகுது. நம்ம தாமிரபரணித் தண்ணி. நல்ல விஷயம். ஆனா சீவலப்பேரி எங்க இருக்கு? திருநெல்வேலி மாநகரைத் தாண்டி, ஆத்தோட கீழ்ப்போக்குல இருக்கு. மாநகரத்துச் சாக்கடை கலக்குற ஆறுதான் அங்க போய்ச் சேருது. 2024 நவம்பர்ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேர்ல வந்து, கழிவுநீர் கலக்குற இடங்களைப் பார்த்துட்டுப் போனாங்க. அதாவது, நாம இங்க விடுற அழுக்கு, அத்திப்பட்டிக்காரனோட செம்பு வரைக்கும் போகுது. ஏழாவது மனிதனோட பிரச்சனை, செவந்தியோட குடத்துக்குள்ள வந்துடுச்சு.

இதுக்குப் பக்கத்து மாநிலத்தைக் குறை சொல்ல முடியாது தோழர்களே. காவிரிக்குக் கர்நாடகம்னு சொல்லலாம், முல்லைப் பெரியாறுக்குக் கேரளம்னு சொல்லலாம். தாமிரபரணி பொதிகையில பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல்ல கடல்ல கலக்குது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளதான். இந்த ஆறு கெட்டா அந்தப் பழி முழுசும் நம்மோடது. ஆளுங்கட்சிக்கு, மாநகராட்சிக்கு, எதிர்க்கட்சிக்கு, நம்ம கட்சிக்கு, வீட்டுச் சாக்கடையை வாய்க்கால்ல திருப்பி விட்டுட்டு நிம்மதியா தூங்குற நமக்கு, எல்லாருக்கும் பங்கு உண்டு.

அதனால ரெண்டே வேலை சொல்றேன். முதல் வேலை, ரெண்டு படத்தையும் உங்க கிளையில, உங்க தெருவுல எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்க. செல்போன்ல தனியா பார்த்தா விமர்சனம்தான் வரும். கூடிப் பார்த்தா பேச்சு வரும். ரெண்டாவது வேலை, படம் முடிஞ்சதும் உங்க ஊர்ல எந்த ஓடை, எந்தச் சாக்கடை ஆத்துல சேருதுன்னு போய்ப் பாருங்க. இடத்தைக் குறிச்சு, போட்டோ எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனுவாக் கொடுங்க. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்னைக்குக் கிராம சபை உண்டு. அங்க எழுந்து பேசுங்க, தீர்மானமாப் பதிவு பண்ண வையுங்க. நம்ம கட்சி நிர்வாகியே அசட்டையா இருந்தா அவரையும் கேளுங்க. கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு.

படத்துல வெள்ளைச்சாமி ஒத்தை ஆளா வண்டி இழுத்தான். அவன் ஒருத்தனை மட்டும் நம்பியிருந்ததாலதான் அவனுக்கு ஆபத்து வந்தப்ப ஊரே தவிச்சது. நமக்கு அப்படி ஒரு வெள்ளைச்சாமி வேண்டாம். வண்டியில ஊரே கை வைக்கட்டும்.



#தாமிரபரணி #தண்ணீர்தண்ணீர் #ஏழாவதுமனிதன் #நெல்லை